செத்தவர் எழுதிய ஆல்பம்: ஏசி/டிசியின் 'பவர் அப்'

2016 செப்டம்பர் 20. அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரம். ஏசி/டிசி இசைக்குழு தனது 'ராக் ஆர் பஸ்ட்' சுற்றுப்பயணத்தின் கடைசிக் கச்சேரியை நடத்திக்கொண்டிருந்தது. மேடையில் ஐந்து பேர். பாடிக்கொண்டிருந்தவர் அந்தக் குழுவைச் சேர்ந்தவரே இல்லை. 'கன்ஸ் அண்ட் ரோஸஸ்' குழுவின் ஆக்ஸல் ரோஸ், ஆபத்துக்கு உதவ வந்தவர். ட்ரம்ஸில் கிறிஸ் ஸ்லேட், இருபது வருடத்துக்கு முன்னால் குழுவை விட்டுப் போய் மறுபடி கூப்பிடப்பட்டவர். பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் வில்லியம்ஸ் அன்றோடு ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தார். ரிதம் கிட்டாரில் அண்ணன் மகன் ஸ்டீவி. நடுவில் பள்ளிக்கூட யூனிஃபார்மும் அரை டவுசருமாக, 61 வயதில் ஓடியாடிக்கொண்டிருந்த ஆங்கஸ் யங்.

அன்று ராத்திரி விளக்கு அணைந்ததும் பெரும்பாலான ரசிகர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கடை மூடியாயிற்று. இனி பழைய பாட்டுகளைத் தொகுத்துத் தொகுத்து விற்பார்கள், அவ்வளவுதான்.

நான்கு வருடம் கழித்து, 2020 நவம்பர் 13-ம் தேதி 'பவர் அப்' வந்தது. பாடியவர் பிரையன் ஜான்சன். ட்ரம்ஸ் ஃபில் ரட். பேஸ் கிளிஃப் வில்லியம்ஸ். ஓய்வு பெற்றவர், விலக்கப்பட்டவர், காது போனவர் என்று எல்லோரும் திரும்பி வந்திருந்தார்கள். ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் பெயர்தான் பன்னிரண்டு பாட்டிலும் எழுதியவர் இடத்தில் இருந்தது.

இந்த ஆல்பம் உண்மையிலேயே நல்ல ஆல்பமா, அல்லது செத்துப்போன அண்ணன் மேல் உள்ள அனுதாபத்தில் எல்லோரும் நல்லா இருக்கு என்று சொன்னார்களா? ரசிகர்களுக்குள்ளேயே இன்னும் தீராத சண்டை இது. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை தெரிந்தாக வேண்டும்.

பெயர் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு அறிமுகம். 'ஐயன் மேன் 2' (2010) படத்துக்காக வந்த பாட்டுத் தொகுப்பு முழுக்க முழுக்க இவர்களுடையதுதான். ஆக, தெரியாமலேயே பலர் இவர்களைக் கேட்டிருப்பார்கள்.

யங் குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்து 1963-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. பெரிய குடும்பம். அண்ணன்களில் ஒருவரான ஜார்ஜ் 'ஈஸிபீட்ஸ்' என்ற குழுவில் இருந்தார். 1966-லேயே 'ஃப்ரைடே ஆன் மை மைண்ட்' என்ற உலகப் புகழ் பாட்டைக் கொடுத்துவிட்டார். அதைப் பார்த்து வளர்ந்த கடைசித் தம்பிகள் இருவர், மால்கமும் ஆங்கஸும். 1973 கடைசியில் குழு ஆரம்பித்தார்கள். தையல் மெஷினில் எழுதியிருந்த ஏசி/டிசி என்ற எழுத்தைப் பார்த்துப் பெயரைச் சொன்னது அக்கா மார்கரெட். ஆங்கஸ் யூனிஃபார்மில் மேடை ஏறட்டும் என்பதும் அவர் யோசனைதான். குடும்பத் தொழில் என்றால் இதுதான் குடும்பத் தொழில்!

வெளியில் தெரிகிற முகம் ஆங்கஸ். ஆனால் முதலாளி மால்கம். எந்தப் பாட்டு ஆல்பத்தில் இருக்கும், யார் எங்கே வாசிப்பார்கள், யார் வெளியே போவார்கள் எல்லாம் அவர் கையில். மேடையில் பின்னால், ட்ரம்ஸ் பக்கத்தில் நிற்பார். கோரஸ் வரும்போது மைக் வரைக்கும் வந்து பாடிவிட்டு மறுபடி பின்னால் போய்விடுவார். கச்சேரி முழுக்க அவர் செய்கிற பெரிய அசைவே அவ்வளவுதான்.

லீட் கிட்டார், ரிதம் கிட்டார் என்று இரண்டு உண்டு. லீட் என்பது நடுவில் தனியாக வந்து வித்தை காட்டுவது. ரிதம் என்பது பாட்டு முழுக்க அடியில் ஓடுவது. கல்யாண வீட்டில் நாதஸ்வரத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், ஆனால் தவில் நின்றால் எல்லாம் நின்றுவிடும். மால்கம் அந்தத் தவில்காரர். ராக் இசையில் சத்தத்தைக் கரகரவென்று சிதைத்து வாசிப்பது வழக்கம். அவர் அதை முடிந்தவரை குறைத்தார். கனமான தந்திகள், பழைய கிரெட்ஷ் கிட்டார், பெரிய ஆம்ப்ளிஃபயர். ஒரு அடி, அப்புறம் சின்ன இடைவெளி, மறுபடி ஒரு அடி. அந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. கேட்பவரின் தலை தானாக ஆடுவது அங்கேதான்.

இந்தக் குழுவுக்கு மரணம் புதிதல்ல. 1980 பிப்ரவரி 19-ம் தேதி பாடகர் பான் ஸ்காட் லண்டனில் இறந்துபோனார். வயது 33. முந்தைய வருடம்தான் 'ஹைவே டு ஹெல்' வந்து அமெரிக்காவில் கதவு திறந்திருந்தது. கலைத்துவிடலாமா என்று யோசித்தார்கள். பிறகு வடக்கு இங்கிலாந்தில் கார்களுக்கு வினைல் கூரை பொருத்தும் தொழில் செய்துகொண்டிருந்த பிரையன் ஜான்சனைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார்கள். (அதற்கு முன் 'ஜியார்டி' என்ற குழுவில் பாடியவர். அந்தப் பெயர் அவர் ஊர்க்காரர்களைக் குறிக்கும் செல்லப்பெயர்.) பஹாமாஸ் தீவில் ஒலிப்பதிவு. பான் இறந்து ஐந்தே மாதத்தில், ஜூலை 25-ம் தேதி 'பேக் இன் பிளாக்' வெளிவந்தது. துக்கத்துக்கு அடையாளமாக அட்டை முழுக்கக் கறுப்பு. முதல் சத்தமே சாவு மணி. அந்த மணியை இங்கிலாந்தின் லஃப்பரோ நகரத்தில் உள்ள பட்டறையில் இவர்களுக்காகவே வார்த்தார்கள். உலகம் முழுக்க ஐந்து கோடிப் பிரதிகள் விற்றதாக மதிப்பிடப்படுகிறது. இதுவரை அதிகம் விற்ற ஆல்பங்களின் எந்தப் பட்டியலை எடுத்தாலும் மேலே அது இருக்கும்.

அந்த ஆல்பத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பான் ஸ்காட் எழுதி வைத்திருந்த வரிகள் எதையும் அதில் பயன்படுத்தவில்லை என்பது குழுவின் நிலைப்பாடு. செத்தவன் நோட்டுப் புத்தகத்தை வைத்துக் காசு பார்த்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று நினைத்தார்களாம். சில வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் இதை நம்புவதில்லை, அந்தச் சர்ச்சை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது எப்படியோ, ஆல்பத்தில் எழுதியவர்களாக அச்சான பெயர்கள் யங், யங், ஜான்சன் மட்டும்தான். 1980-ல் இறந்தவரின் பெட்டியை மூடி வைத்துவிட்டுத்தான் புதிதாகத் தொடங்கினார்கள்.

2020-ல் நடந்தது நேர் எதிர்.

மால்கமின் மறதி நோய் வெளியில் தெரிந்தது 2014 செப்டம்பரில். ஆனால் அதற்கு வெகு முன்பே ஆரம்பித்துவிட்டது. 2008-ல் 'பிளாக் ஐஸ்' வந்தது. எட்டு வருட இடைவெளிக்குப் பின் வந்த ஆல்பம். அமெரிக்காவில் வால்மார்ட் கடைகளில் மட்டும்தான் விற்பனை. முதல் வாரத்தில் அங்கே மட்டும் 7,84,000 பிரதிகள். உலகமே இலவச டவுன்லோட் பக்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் சிடியை விற்று இப்படி ஒரு கணக்கு! (ஐட்யூன்ஸில் பாட்டைத் தனித்தனியாக விற்க இவர்கள் சம்மதித்ததே 2012 நவம்பரில்தான். ஆல்பம் என்றால் முழுசாக வாங்கு, இல்லாவிட்டால் விடு என்ற கொள்கை. வியாபாரம் தெரியாதவர்கள் என்று சிரித்தவர்கள் எல்லாம் பிற்பாடு வாயை மூடிக்கொண்டார்கள்.) இந்த வெற்றிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது வேறு. அந்தச் சுற்றுப்பயணத்தில், தானே எழுதி முப்பது வருடமாக வாசித்து வந்த பாட்டுகளை மால்கம் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் உட்கார்ந்து மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 2010 ஜூன் மாதம் ஸ்பெயினின் பில்பாவோ நகரக் கச்சேரியோடு அவர் மேடை வாழ்க்கை முடிந்தது.

அடுத்த ஆல்பமான 'ராக் ஆர் பஸ்ட்' (2014) ஸ்டீவியின் கிட்டாரோடு வந்தது. ஸ்டீவி முழுக்கப் புது ஆள் இல்லை. 1988-ல் மால்கம் குடிப் பழக்கத்தில் இருந்து மீளப் போயிருந்தபோது அவருடைய இடத்தில் மேடையில் நின்றவர். ஆங்கஸுக்கு அண்ணன் மகன், ஆனால் சித்தப்பாவுக்கும் மகனுக்கும் இரண்டு வயதுகூட வித்தியாசம் கிடையாது. அதே வருடம் நவம்பரில் ஃபில் ரட் நியூசிலாந்தில் கைதானார். 2015-ல் எட்டு மாத வீட்டுக்காவல் தண்டனை. 2016 மார்ச்சில் பிரையன் ஜான்சனுக்கு டாக்டர்கள் சொன்னது: இப்போதே நிறுத்தாவிட்டால் காது மொத்தமாகப் போய்விடும். அப்புறம் கிளிஃப் ஓய்வு.

வணிகவியல் படிப்பவர்களுக்குக் கூட்டாண்மைக் கணக்குகள் என்று ஒரு பகுதி உண்டு. கூட்டாளி சேர்ப்பு, கூட்டாளி விலகல், கூட்டாளி இறப்பு என்று வரிசையாக அத்தியாயங்கள் வரும். மூன்றையும் இந்த ஒரு குழுவை வைத்தே நடத்தி முடித்துவிடலாம். கஷ்டம் எங்கே என்றால், நற்பெயரை மதிப்பிடுவதில்தான். ஆட்கள் எல்லாம் போன பிறகு அந்தப் பெயர்ப் பலகை யாருக்குச் சொந்தம்? பெயரும் யூனிஃபார்மும் மட்டும் இருந்தால் அது ஏசி/டிசியா? ஆக்ஸல் ரோஸ் நன்றாகத்தான் பாடினார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ரசிகர்கள் மனதில் இந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. டிக்கெட் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டவர்களும் உண்டு.

2017 அக்டோபர் 22-ம் தேதி அண்ணன் ஜார்ஜ் இறந்தார். நான்கு வாரத்துக்குள், நவம்பர் 18-ம் தேதி மால்கமும் போனார். வயது 64. சிட்னியில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஃபில் ரட்டும் வந்திருந்தார். ஆள் உடம்பு தேறி, நிதானமாக இருந்ததைப் பார்த்தபோதுதான் மறுபடி சேரலாம் என்ற எண்ணம் வந்ததாக ஆங்கஸ் பின்னால் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பத்து மாதத்துக்குள், 2018-ல், கனடாவின் வான்கூவர் நகர ஸ்டூடியோவில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ரகசியமாகத்தான். ஆனால் வெளியே காற்று வாங்க வந்தவர்களை யாரோ போட்டோ எடுத்து இணையத்தில் போட்டுவிட, குழுவோ வாயே திறக்காமல் இருக்க, ரசிகர்கள் இரண்டு வருடம் அந்த மங்கலான போட்டோவை வைத்தே ஆராய்ச்சி நடத்தினார்கள்.

பிரையன் காது கதை இன்னும் சுவாரசியம். பாடகர்கள் மேடையில் காதுக்குள் வைத்துக்கொள்ளும் இன்-இயர் மானிட்டரை உருவாக்கிய ஸ்டீபன் ஆம்ப்ரோஸ் என்பவர் தானாகவே முன்வந்து, ஒரு புதுக் கருவியை வைத்து அவரிடம் சோதனை செய்தார். ஆரம்பத்தில் அது கார் பேட்டரி சைஸுக்கு இருந்ததாம். அதைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி, கொரோனா வருவதற்குச் சற்று முன் நடந்த ஒத்திகையில் முழுச் சத்தத்தோடு பாட முடிந்தது. உடனே கொரோனா. ஆல்பம் வருட இறுதிக்குத் தள்ளிப்போனது.

இப்போது பெட்டி விஷயம். மால்கமும் ஆங்கஸும் பல வருடங்களாகச் சேர்ந்து உட்கார்ந்து யோசித்துப் பதிவு செய்து வைத்த துண்டு துண்டான ரிஃப்கள் ஏராளம் இருந்தன. ரிஃப் என்றால் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார்த் துணுக்கு. இவர்கள் பாட்டுகளுக்கு முதுகெலும்பே அதுதான். குறிப்பாக 'பிளாக் ஐஸ்' காலத்தில், எழுதி முடிந்தும் முடியாமலும் நிறைய மிச்சம். ஆங்கஸ் அதையெல்லாம் எடுத்துக் கேட்டு, நல்லதைப் பொறுக்கி, பாட்டாக முடித்தார். மால்கம் இந்த ஆல்பத்தில் ஒரு நோட்கூட வாசிக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு பாட்டையும் எழுதியவர்கள் ஆங்கஸ் யங், மால்கம் யங் என்றே இருக்கிறது.

சந்தேகப் பேர்வழிகள் இங்கேதான் பிடித்துக்கொள்கிறார்கள். 1990-ல் 'ரேஸர்ஸ் எட்ஜ்' வந்ததில் இருந்து புதுப் பாட்டுகள் எல்லாமே இந்த இரண்டு பெயரில்தான் வருகின்றன. இது பழைய ஏற்பாடு, இதில் என்ன அஞ்சலி இருக்கிறது என்கிறார்கள். நியாயமான கேள்வி. அட்டையில் அச்சடித்த பெயரை வைத்து மட்டும் எதையும் நிரூபிக்க முடியாது. பாட்டைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

கேட்டால் என்ன தெரிகிறது? முதல் பாட்டு 'ரியலைஸ்'. பின்னணியில் ஒரு கோரஸ் குரல் அலைபோல வந்து போக, கிட்டார்கள் வந்து இறங்கும் இடத்தில் சந்தேகம் பாதி போய்விடுகிறது. இரண்டாவது பாட்டு 'ரிஜெக்‌ஷன்' அந்த இடைவெளி விட்டு அடிக்கும் பாணியில் ஒரு பாடம். வாசிப்பது ஸ்டீவி, ஆனால் கை யாருடையது என்று தெரிகிறது. 'ராக் ஆர் பஸ்ட்' ஆல்பத்தில் காணாமல் போயிருந்தது இதுதான். அதில் சத்தம் இருந்தது, அவசரம் இருந்தது, இந்த நிதானம் இல்லை. அதிலும் இதே ஸ்டீவிதான் வாசித்தார், இதே பிரெண்டன் ஓ'பிரையன்தான் தயாரிப்பாளர். அப்படியிருக்க வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ட்ரம்ஸ் என்றும் சொல்ல முடியாது, அதிலும் ஃபில் ரட்தான். பெட்டியில் இருந்த ரிஃப்கள் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

'டீமன் ஃபயர்' பாட்டில் பிரையன் அடித்தொண்டையில் மெதுவாக உறுமிக்கொண்டே ஆரம்பித்து, பிறகு வழக்கமான உச்சிக்குத் தாவுகிறார். 70 வயதைத் தாண்டி, இனிப் பாடவே முடியாது என்று எழுதிக் கொடுக்கப்பட்டவர். 'ஷாட் இன் த டார்க்' ரேடியோவுக்காகச் செய்தது. கேட்ட மாதிரியே இருக்கும், இருந்தாலும் விட முடியாது.

ஆனால் ஆல்பத்தின் உயிர் நான்காவது பாட்டில் இருக்கிறது. 'த்ரூ த மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்'. இந்தக் குழுவிடம் சோகப் பாட்டை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவர்கள் எழுதுவதுமில்லை. இதுவும் சோகப் பாட்டு இல்லை. வேகம் குறையவில்லை, அழுகை இல்லை. பழைய நாட்களை ஒரு பெருமூச்சோடு திரும்பிப் பார்ப்பது போல, வழக்கத்தை விட மெட்டு இனிமையாக, கோரஸ் அகலமாக விரிகிறது. மால்கம் பெயர் எங்கேயும் வரவில்லை. தேவையும் இல்லை. காலமெல்லாம் குடியும் கூத்தும் என்றே பாடி வந்தவர்களிடம் இருந்து இப்படி ஒரு மூன்றரை நிமிடம் வரும் என்று யார் நினைத்தார்கள்? கல்லுக்குள் ஈரம் என்பார்களே, அது மாதிரி.

குறை இல்லையா? இருக்கிறது. பன்னிரண்டு பாட்டில் நான்கைத் தாராளமாக வெட்டியிருக்கலாம். 'மணி ஷாட்' பாட்டின் இரட்டை அர்த்தம் 1976-லேயே பழசு. 2020-ல் தாத்தாக்கள் வாயில் கேட்கும்போது தர்மசங்கடம். கடைசி இரண்டு பாட்டுகளும் முடிக்க வேண்டுமே என்று முடித்த மாதிரி. 'நோ மேன்ஸ் லேண்ட்' நல்ல ரிஃப்பை வைத்துக்கொண்டு எங்கேயும் போகாமல் நிற்கிறது. ஒருவேளை இதெல்லாம் பெட்டியில் இருந்ததாலேயே தப்பித்ததோ என்னவோ. மால்கம் உயிரோடு இருந்திருந்தால் இவற்றில் இரண்டையாவது அவரே தூக்கிப் போட்டிருப்பார் என்று தோன்றுகிறது. தம்பிக்குக் கை வரவில்லை. அண்ணன் எழுதியதை அண்ணன் போன பிறகு எப்படித் தூக்கிப் போடுவது?

ஒரே ஆல்பத்தைத்தான் நாற்பது வருடமாகத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்ற பழைய குற்றச்சாட்டு இதற்கும் வந்தது. உண்மைதான். ஆனால் மாறுவதற்காக யாரும் இவர்களைக் கேட்பதில்லை. 1980-ல் மாறாமல் இருந்தது பிடிவாதம். அப்போது அவர்கள் இளைஞர்கள், எதிரே முழு வாழ்க்கையும் இருந்தது. 2020-ல் அதே இசையை வாசிப்பதில் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. மறதி நோயில் ஒருவர் தன் பாட்டுகளையே மறந்துபோனார். அவர் மறந்ததை மற்ற நால்வரும் ஞாபகம் வைத்து, ஒரு அடி பிசகாமல் வாசித்துக் காட்டுகிறார்கள். இந்த இடத்தில் புதுமை என்று ஏதாவது செய்திருந்தால்தான் அது துரோகமாக இருந்திருக்கும்.

விற்பனை? அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜெர்மனி உட்படப் பல நாடுகளில் முதல் இடம். அமெரிக்காவில் முதல் வாரம் ஒரு லட்சத்துச் சொச்சம். 'பிளாக் ஐஸ்' விற்றதில் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்குதான், ஆனால் 2020-ல் அதுவே முதலிடத்துக்குப் போதுமானதாக இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் ஆல்பம் என்ற பொருளின் சந்தையே இப்படிச் சுருங்கிவிட்டது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள்: பட்டனை அழுத்தினால் விளக்கு எரிந்து, உள்ளே இருக்கும் ஸ்பீக்கரில் பாட்டு கேட்கும் ஒரு ஸ்பெஷல் டப்பா, சார்ஜ் போட கேபிளோடு! சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருதுக்குப் பரிந்துரை ஆனது. 2022-ல் அந்த விருது 'ஃபூ ஃபைட்டர்ஸ்' குழுவுக்குப் போனது.

இந்த ஐந்து பேரும் சேர்ந்து இந்தப் பாட்டுகளோடு ஊர் ஊராகப் போவார்கள் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். கொரோனா அதைத் தின்றது. 2023 அக்டோபர் 7-ம் தேதி கலிஃபோர்னியாவில் நடந்த 'பவர் ட்ரிப்' விழாவில் ஏழு வருடம் கழித்து மேடை ஏறியபோது ட்ரம்ஸில் மேட் லாக் என்ற வேறு ஆள் இருந்தார். 2024 மே 17-ம் தேதி ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில் 'பவர் அப்' பெயரிலேயே சுற்றுப்பயணம் தொடங்கியபோது கிளிஃப் வில்லியம்ஸும் இல்லை. பேஸ் கிட்டாரில் கிறிஸ் சேனி. ஆல்பத்தில் வாசித்த ஐவரில் மேடையில் நின்றது ஆங்கஸ், பிரையன், ஸ்டீவி மூவர்தான். புது ஆல்பத்தில் இருந்து 'டீமன் ஃபயர்', 'ஷாட் இன் த டார்க்' என்று இரண்டு பாட்டு வாசித்தார்கள். மற்றதெல்லாம் பழசு. ஸ்டீவி பின்னால், ட்ரம்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கோரஸ் வந்தபோது மைக் வரைக்கும் வந்து பாடிவிட்டு, மறுபடி பின்னால் போய்விட்டார்.